பேவிலண்டு குகையும் குருவானவர் பக்லண்டும்

தொல்லுயிர் ஆராய்ச்சி திருச்சபைக்குப் புறம்பே, அதற்கு விரோதமாகத் தோன்றிய ஒன்று என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. வரலாறோ வேறுவிதமாகச் சாட்சி பகர்கிறது. அத்துறைக்கு அடித்தளமிட்டோருள் குருவானவர்கள் பலர். அவர்களில் ஒருவராகிய வில்லியம் பக்லண்டின் (1784–1856) வாழ்விலிருந்து இரு நிகழ்ச்சிகளை இங்கு ஆராய்வோம்.

பக்லண்டு ஆங்கிலிக்கன் குரு. ஆக்ஸ்போர்டில் புவியியல் கற்பித்தவர். 1821ஆம் ஆண்டில் யார்க்‌ஷயரிலுள்ள கிர்க்டேல் என்னுமிடத்தில், கல் வெட்டுவோர் ஒரு குகையைக் கண்டனர். அதனுள் யானை, காண்டாமிருகம், நீர்யானை, கழுதைப்புலி ஆகியவற்றின் எலும்புகள் கிடந்தன. வெப்பநாட்டு விலங்குகளின் உடல்களை ஜலப்பிரளயம் அடித்துக்கொண்டு வந்தது என்பதே அக்காலத்தில் பலரும் எளிதில் கூறத்தக்க விளக்கம். ஆனால் பக்லண்டு எலும்புகளைக் கூர்ந்து நோக்கினார். அவற்றில் பற்கள் பதிந்த தடங்கள் இருந்தன. குகைவாயிலோ யானை நுழைய இயலாத அளவு சிறியது. உயிருள்ள கழுதைப்புலி கடித்த எலும்புகளோடு ஒப்பிட்டு, அக்குகை கழுதைப்புலிகளின் உறைவிடமே என்றும், அவ்விலங்குகள் இங்கிலாந்திலேயே வாழ்ந்தவை என்றும் நிறுவினார். அவற்றை மூடிய சேற்றை மட்டும் பிரளயத்தின் தடயமெனக் கொண்டார். இவ்வாய்வுக்காக 1822இல் ராயல் சங்கத்தின் காப்ளி பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது.

1823இல் வேல்ஸ் நாட்டுக் கடலோரத்திலுள்ள பேவிலண்டு குகையில், செங்காவி படிந்த மனித எலும்புக்கூடு ஒன்றை அவர் தோண்டியெடுத்தார். தந்தத்தாலான அணிகளும் உடன் இருந்தன. அதே குகையில் மாமூத் யானையின் எலும்பும் கிடைத்தது. ஆயினும், அழிந்துபோன அவ்விலங்குகளோடு மனிதன் அந்நாட்டில் வாழ்ந்திருக்க இயலாது என்பது அவரது முடிந்த முடிபு. ஆகவே அது ரோமர் காலத்துப் பெண்ணொருத்தியின் உடல் என்று எழுதினார். ‘செந்நிறப் பெண்மணி’ என்னும் பெயரும் நிலைத்துவிட்டது. பிற்கால ஆய்வு, அவ்வுடல் ஓர் இளைஞனுடையது எனக் காட்டிற்று. 2008இல் வெளியான கரிமக் காலக்கணிப்பின்படி அதன் வயது சுமார் 33,000 ஆண்டுகள்.

ஒரே மனிதர், ஏறத்தாழ ஒரே காலம். ஆயினும் இரு முடிவுகள். கிர்க்டேலில் அவர் சான்றைப் பேசவிட்டார்; பேவிலண்டில் சான்றுக்கு முன்னரே தீர்ப்பை எழுதிவிட்டார். இதனால் அவரது பக்தியைக் குறைகூறுதல் நமக்குத் தகாது. ஏனெனில் அவர் அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. குருவானவரும் கேம்பிரிட்ஜ் பேராசிரியருமான ஆடம் செட்ஜ்விக், பூமியின் மேற்படிவுகளை நோவாவின் பிரளயத்தோடு இணைத்த தம் கருத்தை 1831இல் புவியியல் சங்கத்தின் முன்னிலையில் வெளிப்படையாகக் கைவிட்டார். 1836இல் தாம் எழுதிய நூலில் பக்லண்டும் அவ்வாறே செய்தார். அதனால் அவர் விசுவாசத்தை இழக்கவில்லை. 1845இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் டீனாக நியமிக்கப்பட்டார்.

சபையாரில் ஓர் இளைஞன் புதைபடிவங்களைக் குறித்து நம்மிடம் வினவும்போது, நாம் எந்தக் குகையில் நிற்கிறோம்? விடையை முன்னதாகவே முடிவு செய்துகொண்டு வேதாகமத்தைக் காப்பதாக எண்ணினால், நாம் காப்பது நமது விளக்கத்தையே. “நான் தவறாக எண்ணினேன்” என்று சொல்லத் துணிந்த அவ்விரு குருமாரின் தாழ்மையும் பிரசங்க பீடத்திற்குரிய நற்பண்பே என நாம் கருதுகிறோம்.