பொன்னாங்கண்ணியின் கண்

தியாகராய நகரில் ஓர் இயற்கை அங்காடியின் பலகையில், கீரைக் கட்டுகளுக்கு மேலே, 'பொன் ஆம் காண் நீ, அதுவே பொன்னாங்கண்ணி' என்று எழுதியிருக்கிறார்கள். மேடைகளிலும் இதே பேச்சு. ஒரு மண்டலம் தின்றால் மேனி பொன்னாகும், பகலில் விண்மீன் தெரியும் என்றும் கூடவே சேர்த்துக்கொள்கிறார்கள். கீரை நல்லது, அதில் எனக்கு வழக்கில்லை. சொல்லை இப்படிப் பிய்ப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதே ஈரத்தில் முளைக்கும் கரிசலாங்கண்ணியை எடுத்துக்கொள்வோம். சொல்லமைப்பு அச்சாக அதுவே. 'கரிசல் ஆம் காண் நீ' என்று எந்த வைத்தியராவது அதைத் தின்னச் சொல்வாரா? உடன்பிறப்புக்குப் பொருந்தாத பிரிப்பு பிரிப்பே அன்று.

சித்த மருத்துவ நூல்களில் 'பொன்னாங்காணி' இருக்கிறதே என்பர். கதை வந்தபின் நீண்ட நெடில் அது என்பேன். தெலுங்கில் பொன்னகண்டி, கன்னடத்தில் ஹொனகொன்னெ, மலையாளத்தில் பொன்னாங்கண்ணி. எங்கே இருக்கிறது 'காணி'? தெலுங்கரும் தம் பங்குக்கு, பார்வை போன கண்ணுக்கான கறி, 'போயின கண்டி கூர', என்று ஒரு கதை கட்டினர். அதைக் கன்னடமே வீழ்த்துகிறது. அங்கே முதலில் நிற்பது ஹொன், அதாவது பொன். 'போ' என்றால் 'ஹோ' என்று நெடிலாகியிருக்கும்.

என் பிரிப்பு பொன் + அம் + கண்ணி. புளிக்குத் தொல்காப்பியம் சொல்லும் அம் சாரியைதான் இது. தெலுங்கு அந்தக் குறிலைக் காத்தது, நாம் நீட்டிவிட்டோம்.

கண்ணியாவது கண் உடையது. கரும்புக்குக் கண் உண்டு, மூங்கிலுக்கு உண்டு, முரசுக்கும் மயிற்பீலிக்கும் உண்டு. கணு என்பதும் இதுவே. பரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் கண்ணையும் கணுவையும் தனித்தனிப் பதிவாக்கியதை நான் ஏற்கவில்லை. கரும்புக் கரணை நடும் உழவர் அப்படிப் பிரிப்பதில்லை. பொன்னாங்கண்ணித் தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கணுதோறும் எதிரெதிராக இரண்டு இலை, இலைக்கக்கத்தில் காம்பே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பூங்கொத்து. 1753இல் லின்னேயசு 'உட்கார்ந்தது' என்னும் பொருளில் செசிலிஸ் என்று அடைமொழி வைத்தது இதனால்தான். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுகண்பீளை இதே குடும்பம். அதுவும் இலைக்கக்கத்தில் பூக்கிறது, அதன் பெயரிலும் கண் இருக்கிறது. வடமொழி 'மத்ஸ்யாக்ஷி'யின் மொழிபெயர்ப்பே நம் பெயர் என்பாருக்கு ஒரே விடை: அங்கே பொன் இல்லை, இங்கே மீன் இல்லை. ஆனாலும் அவர்களும் கண்ணைக் கண்டிருக்கிறார்கள்!

பூ வெள்ளையாயிற்றே, பொன் எங்கே வந்தது? பழந்தமிழில் பொன் என்பது உலோகங்களுக்குப் பொதுப்பெயர். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். கன்னடர் இன்றும் இரும்பைக் 'கப்பிண' என்பது கரும்பொன்னின் திரிபு. கணுதோறும் மினுங்கும் அந்தப் பூ வெண்பொன். கரிசலாங்கண்ணியின் சாறு சற்று நேரத்தில் கறுக்கும், அதனால் கரிசல்.

கணுவில்தான் இச்செடியின் உயிர் இருக்கிறது. ஆய்ந்து எறிந்த தண்டு ஈரமண்ணில் பட்டாலே கணுவில் வேர்விட்டுப் படரும். அமெரிக்கக் கூட்டரசு இதைக் கேடுதரும் களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. இதன் தென்னமெரிக்கத் தாயாதியான பிலாக்சிராய்டிஸ் இன்னும் முரடு, குளத்தையே மூடிவிடும். 1990களில் ஆஸ்திரேலியாவில் இலங்கைக் குடும்பங்கள் பல, தங்கள் ஊர் 'முகுணுவென்ன' என்று நம்பி வீட்டுத்தோட்டத்தில் வளர்த்தது அதைத்தான். பொன்னாங்கண்ணிக்குச் சிங்களத்தில் அதுவே பெயர். விக்டோரியா மாநிலத்தில் அதை அகற்றி, டென்டிகுலாட்டா என்னும் அந்நாட்டு இனத்தை மாற்றாகக் கொடுத்தார்கள். மயிலை மாட வீதிக் கீரைக்காரம்மாவிடம் இந்தக் குழப்பம் கிடையாது. பச்சை நாட்டுப் பொன்னாங்கண்ணி, சிவப்பு சீமைப் பொன்னாங்கண்ணி என்று பிரித்தே விற்கிறார். கடல் கடந்து வந்த உறவுக்குச் 'சீமை' என்ற அடைமொழி மிகச் சரி.

நாட்டதும் சீமையதும் பிலாக்சிராய்டிசும் கணுவில் வேர்விடுபவை, கரிசலாங்கண்ணியும் அப்படித்தான். கண்ணி என்றது கணுவையே. இம்முடிபிலிருந்து நான் நகரேன்.