கொன்ற பின் தொடங்கும் வேலை: பெருங்குழியும் கிருமிநீக்கத்தின் வரலாறும்

2023 சனவரியில் திருவனந்தபுரம் மாவட்டம் அழூர் ஊராட்சியைச் சேர்ந்த பெருங்குழியில் பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வளர்க்கப்பட்ட கோழிகளும் வாத்துகளும் கொல்லப்பட்டன. இத்தகைய நிகழ்வுகளில் ஏடுகள் பதிவுசெய்வது கொல்லப்பட்ட பறவைகளின் எண்ணிக்கையையே. அதன் பின் நடக்கும் சுரண்டலும் கழுவலும் ஆவணங்களில் ஓரிரு வரிகளாகச் சுருங்கிவிடுகின்றன. நோய் திரும்புமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அவ்வேலைதான்.

இத்தாலியில் 1878இல் பெரோன்சித்தோ இந்நோயை விவரித்தபோது வைரஸ் என்னும் கருத்தே உருவாகவில்லை. அது இன்புளுவென்சா வகையைச் சார்ந்தது என்பது 1955இல்தான் தெளிவாயிற்று. இவ்வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சாதாரணச் சவர்க்காரமே அதைச் சிதைத்துவிடும். இத்துணை நொய்மையான கிருமி எச்சத்துக்குள் புகுந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் அங்கே வாரக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். மேலே ஊற்றப்படும் குளோரின், கிருமியை எட்டுமுன் எச்சத்தோடும் இறகோடும் வினைபுரிந்தே தீர்ந்துபோகும். ஆகவே முதலில் சுரண்டிப் புதைத்தல், பின் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி உலரவிடுதல், இறுதியில்தான் மருந்து. இவ்வரிசையை மாற்றினால் மருந்து வீண்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராட்டிரத்தின் நவாப்பூரில். அது வணிகப் பண்ணைகள் செறிந்த ஊர். காரச் சோடா, சலவைச் சோடா, சோடியம் ஹைப்போகுளோரைட், பார்மலின் ஆகிய மருந்துகள் கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள கொட்டகைக்கே பொருந்துவன. பார்மலினுடன் பெர்மாங்கனேட்டைக் கலந்து புகையூட்டும் முறைக்கோ அடைத்த அறை வேண்டும். அது குஞ்சு பொரிப்பகத்தின் முறை. தென்னை நிழலில், மண்முற்றத்தில் கோழி மேயும் கேரள வீட்டில் எதை அடைப்பது? மண்ணை எவ்வளவு ஆழம் கழுவுவது?

அங்கே கைகொடுப்பது சுண்ணாம்பு. வேம்பநாட்டுக் காயலின் சிப்பியைச் சுட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் பயன்படுத்திய நிலத்தில், சுண்ணாம்பே முற்றத்தின் கிருமிநாசினியுமாயிற்று. (களியக்காவிளையில் கேரள வண்டிகளின் சக்கரங்களுக்கு மருந்து தெளிக்கும் காட்சி இதைவிடப் புகழ்பெற்றது. சேறு அப்பிய சக்கரத்தில் அதன் பயன் ஐயத்துக்குரியது. அரசு விழித்திருக்கிறது என்பதை எல்லையில் காட்டுவதே அதன் முதற்பணி எனலாம்.)

இழப்பீட்டிலும் கொட்டகையின் கணக்கே ஆள்கிறது. 2021இல் கேரள அரசு, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும் இளம்பறவைக்கு 100 ரூபாயும் முட்டைக்கு 5 ரூபாயும் அறிவித்தது. கூடு வெறுமையாய்க் கிடக்கும் மாதங்களுக்கு அதில் இடமில்லை. பல கொட்டகைகள் உடைய பண்ணையாளர் அவற்றைத் தாங்கக்கூடும். பத்துக் கோழியின் முட்டை விற்று வாழும் பெண்ணுக்கு அது அன்றாட வருமானம்.

கழுவிய நீர் எங்கே வடியும் என்பது மற்றொரு சிக்கல். கேரளத்தில் வீட்டுக்கு வீடு திறந்த கிணறு. கோழி மேயும் முற்றத்திலிருந்து சில அடிகளே தொலைவு. அக்கிணற்றுக்கு வெளுப்புத்தூள் இட்டுப் பழகிய கைகள்தாம் முற்றத்துக்கும் அதைத் தூவுகின்றன. கிணற்றுக்கு நீரின் கன அளவைக் கொண்டு தூளின் எடையைக் கணக்கிடலாம். எச்சம் ஊறிய மண்ணுக்கு அத்தகைய கணக்கு இல்லை.