மனை வாங்கும் முன் பார்க்க வேண்டிய பழைய பதிவேடு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலையைத் தாண்டும்போது இருபுறமும் பாருங்கள். மல்லாட்டை போட்ட கொல்லைகளில் இப்போது வண்ணம் அடித்த மனைக்கற்கள் நிற்கின்றன. 'நகர்' என்றும் 'கார்டன்' என்றும் பெயர் வைத்த வளைவுகள், தவணைத் தொகை எழுதிய பலகைகள். இந்த வட்டாரத்துச் சேரிகளிலிருந்து படித்து வேலைக்குப் போன முதல் தலைமுறை இன்று இந்தப் பலகைகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்துகிறது. நர்ஸாக, ஆசிரியராக, கம்பெனியில் சூப்பர்வைசராக ஐந்தாறு வருடம் உழைத்துச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. "அக்கா, ஒரு மனை வாங்கிப் போடலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

வாங்கலாம். நிலம் வாங்கும் ஆசையை நான் யாரிடமும் குறை சொல்ல மாட்டேன். அம்பேத்கர் 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற திட்டத்தில் விவசாய நிலம் முழுவதும் அரசின் உடைமையாக வேண்டும் என்றார்; அதைச் சொல்லி நம் பிள்ளைகளை மட்டும் மனை வாங்காதே என்று தடுப்பது நியாயமில்லை. நிலம் பொதுவாகவில்லை, ஊர்க்காரர்களிடமே இருந்துவிட்டது. ஆனால் யூடியூபில் 'ரியல் எஸ்டேட் முதலீடு தொடங்குவது எப்படி' என்று சொல்லித்தருபவர்கள் இடம், விலை, கடன், மறுவிற்பனை என்று எல்லாம் பேசிவிட்டு ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இந்த நிலம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது? அந்தக் கேள்விக்குப் பின்னால் 130 வருடக் கதை இருக்கிறது.

அதற்கும் முன்னால் கொஞ்சம் போக வேண்டும். பெருமுக்கல் மலைக்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. மலைக்கோட்டையை 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிடித்ததைச் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். கோட்டையும் கோயிலும் யாரிடமிருந்து யாருக்குக் கை மாறின என்பது கல்லிலும் காகிதத்திலும் இருக்கிறது. சேரி? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட இடங்களின் பட்டியல் ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் அதில் இருக்கிறது. சேரி நிலத்தின் மேல் இருந்தது. நிலம் சேரியுடையதாக இருந்ததில்லை.

ஆங்கிலேயர் வந்தபோது தொண்டை மண்டலத்தில் அவர்கள் கண்டது மிராசு முறை. ஊரின் நிலம், தரிசு, மேய்ச்சல், குடியிருப்பு மனை எல்லாவற்றிலும் பரம்பரை உரிமை கொண்டாடியவர்கள் மிராசுதாரர்கள். 1843இல் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு நீக்கப்பட்டது. ஆனால் விடுதலையான மனிதன் எங்கே போய் நிற்பான்? அவன் குடிசை நின்ற இடமே மிராசுதாரருடையது. தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து மனு போட்டால், எனக்கே முன்னுரிமை என்று மிராசுதாரர் எதிர்மனு போடுவார். மனு போட்டவன் கூலி வேலையை இழப்பான். பல நேரம் குடிசையையும் இழப்பான். மிராசு முறை வலுவாக இருந்தது செங்கல்பட்டில். எல்லைக்கு இந்தப் பக்கம் தென்னார்க்காட்டிலோ படியாள் முறை. கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காக ஆண்டைக்கு ஆயுள் முழுவதும் உழைத்தவர்கள் இருந்தார்கள். பெயர்தான் வேறு.

1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஆவணம் அது. வறுமைக்குச் சோம்பலோ குடியோ காரணம் என்று அதிகாரிகள் எழுதி வந்த காலத்தில், நிலம் கிடைக்காதபடி விதிகளே தடுக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். குடியிருக்கும் மனைக்குப் பாதுகாப்பு, பயிர் செய்ய நிலம், படிக்கப் பள்ளி என்பவை அவர் கேட்டவை. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் அதே காலத்தில் இதற்காக வாதாடினார்கள்.

இதை ஒரு நல்ல வெள்ளைக்காரரின் கருணைக் கதையாகச் சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அதே 1891இல்தான் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டினார். இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியதும் அப்போதுதான். 1893இல் 'பறையன்' இதழ் வந்தது. வெளியே சத்தம் கேட்டதால்தான் உள்ளே கோப்பு நகர்ந்தது.

1892 செப்டம்பர் 30இல் அரசாணை வெளிவந்தது. அதிலிருந்து தொடங்கி 1930கள் வரை பல ஆணைகளின் வழியாக, 1920களில் தொழிலாளர் ஆணையர் துறை மூலமாகவும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பஞ்சமருக்குத் தந்ததால் மக்கள் வாயில் பஞ்சமி நிலம், பதிவேட்டில் 'டி.சி. நிலம்'. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

இந்த ஒப்படையின் உயிர் அதன் நிபந்தனைகளில் இருக்கிறது. முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது. இழப்பீடு எதுவும் தராமல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்தபின் வேறொரு பட்டியலின ஏழைக் குடும்பத்துக்கு ஒப்படைக்கலாம். 'பஞ்சமி நிலம் மீட்பு' என்றால் பழைய பட்டாதாரரின் பேரனுக்குத் தானாகவே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முதலில் அது அரசுக்குத் திரும்புகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் மனு எழுதித் தோற்றவர்கள் உண்டு.

இவ்வளவு கறாரான நிபந்தனை இருந்தும் நிலம் எப்படிப் போனது? ஏர் இல்லை, மாடு இல்லை, கிணறு வெட்டப் பணம் இல்லை. மழை பொய்த்த வருடம் நெல்லுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கடன் வாங்கியாக வேண்டும். கடன் கொடுத்தவர் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு நிலத்தில் இறங்கி உழுதார். ஊர்க் கணக்கோ பரம்பரைக் கர்ணத்தின் கையில். அவர் யாருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது, நல்லது. ஆனால் அதே காலத்தில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், அதாவது யு.டி.ஆர்., நமக்கு இன்னொரு அடி. புல எண்கள் உட்பிரிவாகிப் புதுப் பதிவேடு எழுதப்பட்டபோது, பல ஊர்களில் உழுதுகொண்டிருந்தவரின் பெயரே பட்டாவில் ஏறியது. 'நிபந்தனை ஒப்படை' என்ற பழைய குறிப்பு புதுப் பக்கத்துக்கு வரவில்லை. ஒரு குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டதில் ஒரு குடும்பத்தின் நிலம் மறைந்துபோனது.

அமெரிக்காவில் 1865 ஜனவரியில், விடுதலையான கறுப்பின மக்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துத்தர ராணுவ ஆணை போட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய எஜமானர்களுக்கே திருப்பிக் கொடுக்கவைத்தார். அங்கே வெளிப்படையாகப் பறித்தார்கள். இங்கே ஆணை இன்றுவரை உயிரோடு இருக்கிறது, நிலம்தான் இல்லை.

அந்த ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குக் காரணை சாட்சி. செங்கல்பட்டு மாவட்டத்தின் அந்த ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள், நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. நியாயம் கேட்டு 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் 'பஞ்சமி நிலம்' என்ற சொல் மற்றவர்கள் காதிலும் விழுந்தது.

நீதிமன்றங்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கர்நாடகம் 1978இல் தனிச்சட்டமே கொண்டுவந்து, பட்டியலின மக்களுக்கு ஒப்படைத்த நிலத்தின் விற்பனையைச் செல்லாததாக்கியது. அச்சட்டம் செல்லும் என்று 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆந்திரத்தில் 1977இலேயே அப்படி ஒரு சட்டம். தமிழ்நாட்டில் நாம் இன்னும் வருவாய் நிலையாணையையும் ஒப்படை நிபந்தனையையும் வைத்துத்தான் வாதாடுகிறோம். ஆனாலும் 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு, மனை வாங்கிக் குடியேறியவர்கள் தொடுத்த வழக்கில், பஞ்சமி நில நிபந்தனையை மீறிய விற்பனைக்குப் பாதுகாப்பில்லை என்றே முடிவு சொன்னார். பத்திரம் பதிவாகியிருக்கிறது, வரி கட்டுகிறோம், கரண்ட் இணைப்பு இருக்கிறது என்ற எதுவும் அங்கே நிற்காது. முதலீட்டாளர் மொழியில் சொன்னால் அசலே போய்விடும்.

இனி மரக்காணம் கரைக்கு வருவோம். 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்ட பிறகு, மழை இறங்கினால் வேலை நின்றுபோகும் உப்பளக் கூலிகளின் ஊர்ப்பக்கம் சென்னைப் பணம் வந்தது. ஏக்கர் கணக்கு போய் சென்ட் கணக்கு வந்தது, சென்ட் போய்ச் சதுர அடி வந்தது. நிலம் கைமாறும் வேகம் கூடக்கூட, பழைய பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைந்தார்கள்.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு வலை உண்டு. பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் வாங்கலாம் என்பதால், "உன் பேர்ல பத்திரம் போட்டுக்கலாம் தம்பி, பணம் எங்களது, உனக்கு ஒரு தொகை" என்று புரோக்கர் வருவார். கூடவே ஒரு பவர் பத்திரத்திலும் கையெழுத்து கேட்பார். இது பினாமி. 1988ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு இதற்கு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை உண்டு, பெயர் கொடுத்தவருக்கும் சேர்த்து. நம் சாதிச் சான்றிதழைச் சாவியாக்கி நம் மக்களின் நிலத்தைத் திறக்கும் வேலை அது. பணம் தேவைப்படும் நேரத்தில் கேட்பார்கள், எச்சரிக்கையாக இருங்கள்.

சரி, நேர்மையாக ஒரு மனை வாங்க நினைக்கிறவர் என்ன செய்ய வேண்டும்? மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டமானால் ரெரா பதிவு இருக்கிறதா என்பதை எல்லோரும் சொல்வார்கள், அதைப் பாருங்கள். கழுவேலி ஓரமும் கடலோரமும் என்றால் சரணாலய, கடற்கரை ஒழுங்குமுறைக் கட்டுப்பாடுகளையும் விசாரியுங்கள். ஆனால் 30 வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நம் நிலம் பறிபோனது பெரும்பாலும் அந்த 30 வருடத்துக்கு முன்னால். பல நேரம் பத்திரமே இல்லாமல். இன்றைய பட்டாவில் இருக்கும் புல எண்ணுக்கு யு.டி.ஆருக்கு முந்தைய எண் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக்காட்டும் பதிவேடு இருக்கும். அந்தப் பழைய எண்ணுக்குரிய 'அ' பதிவேட்டையும் நிலவரித் திட்டப் பதிவேட்டையும் நகல் கேளுங்கள். குறிப்புக் கட்டத்தில் 'டி.சி.', 'நிபந்தனை', 'ஒப்படை' என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். விற்பவர் சாதி இந்துவாக இருந்தால் அவரிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை. விற்பவரும் நம்மவராக இருந்து, 10 ஆண்டும் கடந்திருந்தால் நீங்கள் வாங்குவதற்கு நிபந்தனை தடையில்லை. அப்போதும் அவர் ஏன் விற்கிறார் என்று ஒருமுறை கேளுங்கள். மருத்துவச் செலவுக்காக என்றால், விற்காமல் சமாளிக்க வழி இருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து பேச உங்களைப்போல் படித்தவர் வேறு யார் இருக்கிறார்கள்?

குறிப்பைக் கண்டுபிடித்ததும் வேறு மனை தேடிப் போய்விட்டால் உங்கள் பணம் பிழைத்தது. நிலம் அப்படியேதான் இருக்கும். அந்த நகலை ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் மனுவோடு அனுப்பலாம். பட்டியலின மக்களுக்கு ஒப்படைத்த நிலத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைத்திருப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். கல்லூரி விடுமுறையில் நாலைந்து மாணவர்கள் சேர்ந்து, ஆளுக்கு ஒரு வருவாய்க் கிராமம் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஊரின் டி.சி. ஒப்படை நிலங்களின் புல எண்களையும் இன்றைய பட்டாதாரர் பெயர்களையும் கேட்டு மனு போட்டால், பதில் 30 நாளில் வந்தாக வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது. மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகள் தொடங்குவதாக இருந்தால் மனுவின் மாதிரியை நான் எழுதித்தருகிறேன்.