மூன்று அங்குல பாக்கெட்டும் ஐந்து வார ஆட்டமும்



1882-இல் ஊட்டி கிளப்பில் ஸ்நூக்கர் விதிகளை எழுதி மாட்டிய கதையைப் போன பதிவில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், நாங்க பூல் விளையாடுற இடத்துல பாக்கெட் அகலமான மேசையும் இருக்கு, இறுக்கமான மேசையும் இருக்கு. இறுக்கமான மேசையில, நீளமான ஆட்டம் வெச்சாத்தான் நிஜமான ஆட்டக்காரன் யாருன்னு தெரியும்ங்கறாங்க. கணக்குப்படி அது சரியா?" அதற்குக் கீழேயே என் மைத்துனர், "உருண்டை உருட்டுறதுக்கெல்லாம் என்ன கணக்கு மச்சான்?" என்று எழுதியிருந்தார். இருவருக்கும் சேர்த்தே பதில்.

நமக்குத் தெரிந்த கேரம் போர்டிலிருந்து தொடங்குவோம். கேரம் பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ., காயின் விட்டம் ஏறக்குறைய 3.18 செ.மீ. அதாவது பாக்கெட்டின் அகலம் சுமார் 1.4 காய். அமெரிக்க பூல் மேசையில் பந்து 2¼ அங்குலம். மூலை பாக்கெட்டின் வாய் வழக்கமாக 4½ அங்குலம். சரியாக இரண்டு பந்து அகலம். அதையே 4 அங்குலமாகக் குறைத்தால் ஆட்டக்காரர்கள் 'டைட் டேபிள்' என்று முனகத் தொடங்குவார்கள். நம் கேரம் பிள்ளைகள் அதைவிட இறுக்கமான ஓட்டையில்தான் காலங்காலமாகக் காய் போடுகிறார்கள். யாரும் அதைச் சொல்லிப் பாராட்டுவதில்லை!

இனி வரலாறு. இந்தக் கேள்வி பூலுக்கு முன்பே பில்லியர்ட்ஸில் எழுந்துவிட்டது. இங்கிலாந்தில் 1849 முதல் பில்லியர்ட்ஸ் சாம்பியன் என்றால் ஜான் ராபர்ட்ஸ்தான். அவரை எதிர்க்க வந்தவர் வில்லியம் குக் என்ற இளைஞர். அந்தக் காலத்தில் 'ஸ்பாட் ஸ்ட்ரோக்' என்று ஓர் அடி இருந்தது. சிவப்புப் பந்தை மேல் பக்கத்துப் புள்ளியில் வைப்பார்கள். அதை மூலை பாக்கெட்டில் தள்ளினால் 3 புள்ளி. பந்தை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைப்பார்கள். மறுபடி அதே அடி. கை பழகியவர் நூறு, இருநூறு என்று போய்க்கொண்டே இருப்பார். குக் அதில் கெட்டிக்காரர். சாதாரண மேசையில் நீண்ட ஆட்டம் வைத்தால், அது அந்த ஒரே அடியின் ஆட்டமாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே 1870-இல் சாம்பியன் போட்டிக்கென்றே தனி மேசை செய்தார்கள். 3⅝ அங்குலமாக இருந்த பாக்கெட்டை 3 அங்குலமாக்கினார்கள். சிவப்புப் புள்ளியையும் மேல் குஷனுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளினார்கள். 1870 பிப்ரவரி 11 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் 1200 புள்ளிக்கு ஆட்டம். பந்து இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் என்பதால் விகிதம் நம் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. குக் 1200, ராபர்ட்ஸ் 1083. ஸ்பாட் ஸ்ட்ரோக்கை முடக்கிய பிறகும் அந்த இளைஞர்தான் ஜெயித்தார். ஆனால் இரண்டே மாதத்தில், அதே ஏப்ரலில், ராபர்ட்ஸின் மகன் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்துக்கொண்டார். (இந்த மகன் ராபர்ட்ஸ்தான் 1885-இல் கல்கத்தாவில் நெவில் சேம்பர்லினைச் சந்தித்து ஸ்நூக்கரைக் கேட்டறிந்து கொண்டு போனவர். பிற்காலத்தில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள், குழம்ப வேண்டாம்.)

அந்த மேசை நியாயமானதா? என் பார்வையில் நியாயமானதுதான், ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. புள்ளி ஏறவே இல்லை. கூட்டமும் பணமும் பெரும்பாலும் அகல பாக்கெட் மேசையின் பக்கமே நின்றன. அங்கே 1890-இல் பீல் என்பவர் ஒரே மூச்சில் 3304 புள்ளி எடுத்தார். அவர் எடுக்கும்போது எதிராளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். வினாத்தாளும் இப்படித்தான். எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கும் தாளில், ஒரு கூட்டல் பிழைதான் முதலிடத்தையும் பத்தாமிடத்தையும் பிரிக்கும். யாரும் நாற்பதைத் தாண்டாத தாளிலோ, நன்றாகப் படித்தவனும் சுமாராகப் படித்தவனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். முப்பது வருடம் தாள் தயாரித்த கை இது. கேள்வியைக் கடினமாக்குவது சுலபம், பிரித்துக் காட்டும் கேள்வி எழுதுவதுதான் சிரமம்.

1892-இல் பில்லியர்ட்ஸ் அசோசியேஷன் பாக்கெட்டுக்கு ஒரு அச்சுத்தகடு வைத்து எல்லா மேசைக்கும் ஒரே அளவைக் கொண்டுவந்தது. 1898-இல் ஸ்பாட் ஸ்ட்ரோக்குக்கும் விதியால் கடிவாளம் போட்டார்கள். உடனே அடுத்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள் ஆட்டக்காரர்கள். இரண்டு பந்துகளையும் பாக்கெட்டின் வாயிலேயே தொட்டில் கட்டினாற்போல் நிறுத்திவிட்டு, தன் பந்தால் இரண்டையும் மெல்லத் தொட்டுத் தொட்டு 2 புள்ளியாகச் சேர்ப்பது. 1907-இல் டாம் ரீஸ் இப்படி ஐந்து வாரம் ஆடி 4,99,135 புள்ளி எடுத்தார், அப்போதும் ஆட்டமிழக்கவில்லை. பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் முழு நேரமும் இல்லை என்று அதைச் சாதனையாக ஏற்கவில்லை. யார் இருப்பார்கள் ஐந்து வாரம்! அந்த அடியும் தடை செய்யப்பட்டது.

1932 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம், ஜோ டேவிஸுக்கு எதிராக 4137 எடுத்தார். உண்மையான மேதை, சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஆடினார். அதற்கும் ஒரு கோடு போட்டு, 'இத்தனை புள்ளிக்கு ஒரு முறை பந்து கோட்டைக் கடக்க வேண்டும்' என்று விதி செய்தார்கள். பலனில்லை. 1934-க்குப் பிறகு தொழில்முறை பில்லியர்ட்ஸ் உலகப் பட்டப் போட்டி பல ஆண்டுகள் நடக்கவே இல்லை. அந்த இடத்தை எடுத்துக்கொண்டது ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் பிறந்து ஊட்டியில் விதி எழுதப்பட்ட ஸ்நூக்கர். அதே மேசை, அதே பாக்கெட். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு முடிவு உண்டு, எதிராளியும் எழுந்து வர வேண்டும். 1946 இறுதியாட்டத்தில் ஜோ டேவிஸும் ஹோரஸ் லிண்ட்ரமும் 145 ஃபிரேம் ஆடினார்கள், 78-67. இந்தியாவில் பில்லியர்ட்ஸ் சாகவில்லை என்பதும் உண்மை. வில்சன் ஜோன்ஸ் 1958-இல் கல்கத்தாவிலேயே உலக அமெச்சூர் பட்டம் வென்றார். கீத் சேத்தி 1992-இல் எடுத்த 1276-ஐ இன்றும் பேசுகிறார்கள்.

சரி, தம்பி கேட்ட கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் நல்ல ஆட்டக்காரருக்கு நூற்றுக்கு 55 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலில் 9 எடுப்பவர் வெற்றி என்றால், அவர் ஜெயிக்க வாய்ப்பு சுமார் 66. முதலில் 120 எடுப்பவர் வெற்றி என்றால் சுமார் 94. இப்போது மேசையை இறுக்குகிறோம், திறமை வித்தியாசம் இன்னும் தெரிந்து 55 என்பது 60 ஆகிறது என்று வையுங்கள். 9-க்கான ஆட்டத்திலேயே வாய்ப்பு 80 ஆகிவிடும். 120-க்கு ஏறக்குறைய நிச்சயம். ஆக, குறுகிய ஆட்டத்தில்தான் மேசையின் கடினம் பெரிய உதவி. நீண்ட ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தை நீளமே வடிகட்டிவிடும். அங்கே மேசை தீர்மானிப்பது வேறொன்றை: எந்தத் திறமைக்கு மதிப்பு என்பதை. அகல பாக்கெட்டில் முதல் அடியில் பந்துகளை நன்றாகச் சிதறடிப்பவர் வரிசையாக அள்ளிக்கொண்டு போவார். இறுக்கமான பாக்கெட்டில் போட முடியாத பந்தை எதிராளிக்கு ஒளித்துவைக்கத் தெரிந்தவருக்குப் பலம். மூன்று நாள் ஆட்டத்தில் துணியும் மாறும். சாக்குத் தூள் படியும், ஈரம் ஏறினால் பந்து நடக்கும் வேகமே குறையும். மார்கழியில் கேரம் போர்டு 'ஒட்டுது' என்று நீங்கள் பவுடர் கேட்டு நின்றீர்களே, அதேதான்.

1996-இல் ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயஸும் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும் ஒன்பது பந்து பூலில் முதலில் 120 எடுப்பவருக்கு ஒரு லட்சம் டாலர் என்று மூன்று நாள் ஆடினார்கள். ஸ்ட்ரிக்லண்ட் அடித்து ஆடுபவர், ரெயஸ் ஒளித்து ஆடுவதில் மன்னர். ஒரு கட்டத்தில் வெகுவாகப் பின்தங்கியிருந்த ரெயஸ் 120-117 என்று முடித்தார். 237 ஆட்டம் ஆடியும் வித்தியாசம் மூன்று. இருவரும் சமம் என்றால் எவ்வளவு நீட்டினாலும் கணக்கு இவ்வளவுதான் சொல்லும்.

மைத்துனருக்கு: உருண்டை உருட்டுவதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது, மாப்பிள்ளை. அடுத்த பதிவில் வில்சன் ஜோன்ஸ்.