விடைப் புத்தகத்தில் பிறந்தவர்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஓர் அற்ப கர்வம் உண்டு. பாத்திரங்களைப் படைக்கும் உரிமை தன் ஒருவனுக்கே என்று நினைத்துக்கொண்டிருப்பான். பரீட்சைக்கு நோட்ஸ் போடுகிறவரைத் தன் கோஷ்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டான். எனக்கும் அந்தக் கர்வம் இருந்தது. அதற்கு அடி விழுந்தது ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தால்.

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் தம்பி மகன் அதை ஊஞ்சல் மேல் போட்டுவிட்டு வெளியே போயிருந்தான். 'கிங்ஸ் குவெஸ்ட் கம்பானியன்' என்று பெயர். எழுதியவர் பீட்டர் ஸ்பியர். முதலில் வெளிவந்தது 1989-ல். ராஜா, மந்திரவாதி, டிராகன் எல்லாம் வந்ததால், ஏதோ குழந்தைகள் நாவல் என்று எண்ணி முப்பது பக்கம் படித்துவிட்டேன். திரும்பி வந்தவன் சிரித்தான்.

"பெரியப்பா, அது நாவல் இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு விடைப் புத்தகம்."

அன்று சாயந்திரம் முழுவதும் அவனை விடாமல் கேள்வி கேட்டேன். கலிபோர்னியாவில் கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற தம்பதி நடத்திய கம்பெனி சியரா ஆன்லைன். 1984-ல் ராபர்ட்டா அமைத்த விளையாட்டு 'கிங்ஸ் குவெஸ்ட்'. டாவென்ட்ரி நாட்டுக் கிழட்டு ராஜா, மாயக் கண்ணாடி, கேடயம், பொன் வற்றாத பெட்டி என்ற மூன்று தொலைந்துபோன பொருள்களைத் தேடிக் கொண்டுவரும்படி கிரஹாம் என்ற வீரனை அனுப்புகிறார். திரையில் அவனை நடத்திச் செல்வது நாம். கதவைத் திற, கல்லைத் தள்ளு என்று நாம்தான் தட்டெழுத்தில் கட்டளை கொடுக்க வேண்டும். அகழியில் கால் தவறினால் முதலை. கதை அத்தோடு தீர்ந்தது.

விடைகளோ லேசில் கிடைப்பவை அல்ல. ஒரு குள்ளனின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டம் வருகிறது. சில சமயம் பின்னோக்கி யோசிப்பது நல்லது என்று சூனியக்காரி வீட்டில் ஒரு சீட்டு. ஜெர்மானியப் பாட்டி கதை தெரிந்தவர்கள் ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற பெயரைத் திருப்பிப்போட்டு எழுதினால், தப்பு! ஆங்கில அரிச்சுவடியையே தலைகீழாக எழுதிக்கொண்டு, முதல் எழுத்துக்குப் பதில் கடைசி எழுத்து, இரண்டாவதற்குப் பதில் கடைசிக்கு முந்தியது என்று பெயர் முழுவதையும் மாற்ற வேண்டுமாம். இந்த அநியாயத்தைச் சகித்துக்கொண்டு எத்தனை வீடுகளில் பிள்ளைகள் தூக்கம் கெட்டார்களோ! கம்பெனியே விடைக் குறிப்புகள் அச்சிட்டு விற்றது. சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை வைத்துப் பார்த்தால்தான் எழுத்துத் தெரியும்.

ஸ்பியர் செய்தது வேறு. ஒவ்வோர் ஆட்டத்தையும், முதலிலிருந்து முடிவுவரை, கதையாகவே எழுதினார். கதையைப் படித்துக்கொண்டே போனால் வழி தானாகத் தெரிந்துவிடும். என் தொழில் இது என்பதால் அவர் பட்டிருக்கக்கூடிய சங்கடம் எனக்கு விளங்குகிறது. ஆட்டத்தில் கிரஹாம் ஒரு காரட்டைப் பறிக்கிறான். ஏன்? அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். பின்னால் அதைக் காட்டி ஓர் ஆட்டைக் கூட்டிப்போனால், பாலத்தை மறிக்கும் பூதத்தை ஆடு முட்டித் தள்ளிவிடும். ஆனால் கதையில் அப்படிக் காரணமில்லாமல் பறிக்க முடியுமா? வாசகன் கேட்பானே! இன்னொன்று, டிராகனைக் கத்தியாலும் கொல்லலாம். ஒரு வாளித் தண்ணீரை வீசி அதன் நெருப்பை அணைத்தும் ஜெயிக்கலாம். தண்ணீருக்கு மார்க் அதிகம். ஆடுகிறவன் இன்று ஒன்று, நாளை ஒன்று செய்து பார்ப்பான். கதை எழுதுகிறவன் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அவன் வைத்துக்கொண்டது டாவென்ட்ரியின் சரித்திரமாகிவிடுகிறது.

"நான் அந்த அகழியில் எத்தனை தடவை விழுந்திருப்பேன் தெரியுமா? இதில் கிரஹாம் ஒரு தடவைகூட விழமாட்டான்" என்றான் தம்பி மகன். நாற்பதைத் தாண்டியவன் குரலில் பத்து வயதுப் பையனின் கோபம் இருந்தது. சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லோர் மீதும் அந்தப் புகார் செல்லும் என்று தோன்றியது, சொல்லவில்லை.

இந்த வரலாறெல்லாம் ஸ்பியருக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு கதை கட்டினார். டெரெக் கார்லவேகன் என்று ஓர் எழுத்தாளர், ஊர் சுற்றி, அந்த மாய உலகத்திலேயே வாழ்கிறாராம். அங்கிருந்து அவர் அனுப்பும் செய்திகளைத் தாம் தொகுப்பதாகப் பாவனை. பழைய உத்திதான், நானும் கையாண்டிருக்கிறேன். ஆனால் என் பாத்திரம் எதற்கும் கிடைக்காத பாக்கியம் இவருக்குக் கிடைத்தது. 1992-ல் ஆறாவது ஆட்டம் வந்தபோது, பெட்டியோடு ஒரு சிறு யாத்திரை நூல் கொடுத்தார்கள். உண்மையில் எழுதியவர் ஜேன் ஜென்சன் என்ற அம்மாள். அச்சிலிருந்த ஆசிரியர் பெயர் டெரெக் கார்லவேகன்! அந்த நூல் கையில் இல்லாவிட்டால் ஆட்டத்தில் ஒரு செங்குத்துப் பாறையை ஏறவே முடியாது. திருட்டுப் பிரதிக்காரர்களுக்காக வைத்த பூட்டு அது. விடைப் புத்தகத்தில் பிறந்தவர் கேள்வித்தாளுக்கே சாவியாகிவிட்டார்.

இது ஏதோ அதிசயமாக ஒரு தடவை நடந்தது என்றும் சொல்ல முடியவில்லை. 1990-ல் ஸ்காலஸ்டிக் பிரசுரத்தார் நிண்டெண்டோ விளையாட்டுகளைச் சிறுவர் நாவல்களாக்கி, நடுநடுவே ஆட்டக் குறிப்புகளும் சேர்த்து வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று 'பிளாஸ்டர் மாஸ்டர்'. ஓடிப்போன தவளையைத் தேடிப் பாதாளத்தில் இறங்கும் ஜேசன் என்ற பையனின் கதை. ஏ. எல். சிங்கர் என்ற புனைபெயரில் எழுதிய பீட்டர் லெராஞ்சிஸ், ஆட்டத்தில் இல்லாத ஈவ் என்ற பெண்ணைச் சேர்த்தார். 2000-ல் அந்த ஆட்டத்தின் தொடர்ச்சி வந்தபோது, கதாநாயகனின் தாய் ஈவ்; தகப்பன் ஜேசன். கூலிக்கு எழுதிய புத்தகத்திலிருந்து ஒரு பெண் வந்து குடும்பம் நடத்திவிட்டாள்.

தம்பி மகன் ஊருக்குப் புறப்படும்போது புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்றாவது ஆட்டத்தின் கதையில் பாதியில் நிற்கிறேன். மந்திரவாதியைப் பூனையாக்கும் பண்டத்தை அடிமைப் பையன் தயார் செய்துவிட்டான்; இன்னும் கஞ்சியில் கலக்கவில்லை.