விட்டவன் விழுக்காடு

வடநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் தமிழர் பலர் இடையே திருப்பதியில் இறங்கி, மலையேறி, தரிசனம் முடித்து, கையில் லட்டுடன் அடுத்த வண்டியைப் பிடிப்பது வழக்கம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தோம். இம்முறை சில நாட்களை ஒதுக்கி, வழிகாட்டி எவருமின்றிக் கோயில்களைச் சுற்றினோம். ஆங்காங்கே கிடைத்ததை உண்டோம்.

புகைவண்டி நிலையத்திற்கு அணித்தே இருப்பது கோவிந்தராசர் கோயில். தொன்னையில் பெற்ற புளியோதரையை உண்டு கைகழுவியபின் சுவர்களை நோக்கினால், அங்கே நம் எழுத்து! திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப் பெற்றுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ். அவற்றை ஆராய்ந்து சாது சுப்பிரமணிய சாஸ்திரி எழுதிய அறிக்கை 1930இல் வெளிவந்தது.

போர் வெற்றிகளைத் தேடுவோர்க்கு இக்கல்வெட்டுகள் ஏமாற்றமே தரும். இவை மிகுதியும் பேசுவது சோற்றைப் பற்றி. சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளியாற் செய்த திருமேனியை அளித்து, வழிபாட்டிற்கு நிலமும் விட்டாள், அக்காலம் கி. பி. 966 எனக் கணிப்பர். விசயநகரக் காலத்துச் சாசனங்களிலோ அரிசி, பயறு, நெய், மிளகு, வெல்லம் என ஒரு மடைப்பள்ளியே விரிகின்றது. அப்பம், அதிரசம், வடை, சுகியன் ஆகியன அணிவகுக்கின்றன. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற லட்டு, இவற்றிற்குப் பிற்பட்ட வரவு.

இவற்றினிடையே ஒரு தொடர் நம்மை நிறுத்திற்று: ‘விட்டவன் விழுக்காடு’. சதவீதம் என்பதற்கு விழுக்காடு என எழுதி எழுதிப் பழகிய மொழிபெயர்ப்பாளரின் கைக்கு இது புதிய பொருள். படைத்த அமுதில் அறக்கட்டளை விட்டவனுக்கு உரிய பங்கு, அதாவது நாலில் ஒன்று, என்பதே இதன் கருத்து. அப்பங்கைப் பிறர்க்கு மாற்றித் தரவும் அவனுக்கு உரிமை உண்டு. 15ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் அமைத்த இராமாநுச கூடத்தில், கந்தாடை இராமாநுசய்யங்கார் மேற்பார்வையில், இத்தகைய பங்குகளைக் கொண்டு யாத்திரிகர்க்கு உணவளித்தனர். பசித்து மலையேறியவன் எந்த மன்னன் பங்கை உண்டான் என்பதை அறிந்திருக்க மாட்டான்.

அரிசி எங்கிருந்து வந்தது? பக்தர் தந்த பொன்னைப் பண்டாரத்தில் முடக்கி வையாமல், கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிட்டனர். மிகுந்த விளைச்சலிலிருந்து நிவேதனம் நடந்தது. வறண்ட இந்நிலத்தில் அது சிறிய செயலன்று.

அவ்வறட்சியைச் சந்திரகிரிச் சாலையில் ஒரு சிற்றுணவுக் கடையிலே சுவைத்தறிந்தோம். அங்கே இலையில் விழுந்தது கேழ்வரகுக் களி. இவ்வூரார் அதனைச் சங்கட்டி என்பர். தொட்டுக்கொள்ள மிளகாய் இட்டரைத்த நிலக்கடலைத் துவையல். கடலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. சாமவை இரண்டையும் கண்டிராள். களி மட்டும் இம்மண்ணில் நெடுங்காலம் வேரூன்றியது. ஆயினும் நாம் பார்த்த நிவேதனப் பட்டியல்களில் கேழ்வரகைக் காணோம். கால்வாய் வெட்டியவன் இதைத்தான் உண்டிருப்பான் என்று எண்ணிக்கொண்டோம்.

கடைக்கார அம்மையார் தெலுங்கில், “இன்னும் கொஞ்சம்?” என்றார். நாம் தமிழில் போதும் என்றோம். அவர் கேளாதவர்போல் மற்றோர் உருண்டையை இட்டார்.