உயிர்வாழ் சான்றிதழும் காப்புறுதியும்

இலங்கையில் அரசாங்க ஊழியரின் ஓய்வூதியத்துக்கு அடிப்படை 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு. மருத்துவக் காப்புறுதியோ மிகப் பிந்திய வரவு. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால், அதன் தேவை நெடுங்காலம் உணரப்படவில்லை.

2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தை அமைத்தது. அந்நிதியம் நடத்திய ‘அக்ரஹார’ திட்டம் சேவையில் இருப்போருக்கானது. நோய்கள் நெருங்கும் வயதில், ஓய்வோடு பாதுகாப்பும் விலகியது. பின்னர் ஓய்வூதியருக்கும் திட்டம் விரிந்தபோது, 2016 சனவரி 1க்குப் பின் ஓய்வுபெற்றோரே முதலில் சேர்க்கப்பட்டனர். ஒரே பாடசாலையில் கற்பித்த இருவரில், 2015 டிசம்பரில் விடைபெற்றவர் வெளியே. சில வாரம் கழித்துச் சென்றவர் உள்ளே.

உள்ளே இருப்பவரும் நிம்மதியடைய முடியாது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். மருந்து விலை அவ்வாறு ஏறும்போது, ரூபாவில் குறித்த உச்சவரம்பு மாறாமல் நின்றாலே காப்பு சுருங்கிவிடுகிறது.

கல்முனைக்குடியின் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழை ஒப்படைக்கிறார்கள். அன்றே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: கட்டுப்பணம் எவ்வளவு பிடிக்கப்படுகிறது? உச்சவரம்பு எவ்வளவு? துணைவருக்கும் பொருந்துமா? உயிரோடிருப்பதை நிரூபிப்பவருக்கு, அவ்வுயிருக்கான காப்பு என்னவென்று அறியும் உரிமையும் உண்டு.